பஸ் மாதிரித் திரும்பியவள்

எங்கள் வீட்டில் பயப்படுவது என் இலாகா. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவன் நான். ஏணி போட்டு ஏறி மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிறவள் அவள். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். என் தொழிலில் நடக்கக்கூடிய ஆகப் பெரிய விபத்து, ஒரு ஜோடிக் கண்ணாடி கை தவறிக் கீழே விழுவதுதான். அவள் பஸ் ஓட்டுகிறாள். ஒரு பஸ் நிறைய ஜனங்களை முதுகுக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு, சாயங்கால நெரிசலில் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை வளைத்துத் திருப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து "இன்னிக்கு என்ன, கூட்டமே இல்ல" என்பாள்.

ஊரில் அவளை டிரைவரம்மா என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். முதலில் கிண்டலுக்குக் கூப்பிட்டது, பிறகு நாக்கில் ஒட்டிக்கொண்டது.

இப்பேர்ப்பட்டவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் ஒருமுறை ஏறி விழுந்து முன்பல்லில் ஒரு துண்டை இழந்ததோடு சரி. அதற்கப்புறம் இரண்டு சக்கரம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரும்போதுகூட என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வாள்.

"நிறுத்தினா விழுற வண்டி என்னங்க வண்டி? என் பஸ்ஸு நின்னா நிக்கும்" என்பாள்.

அந்த பஸ்தான் ஒருநாள் நின்றது. மார்க்கெட் முனையில் இடப்பக்கம் திரும்பும்போது, பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் இருந்த சந்தில் சாப்பாட்டுப் பை மாட்டிய ஒரு சைக்கிள்காரன் நுழைந்திருக்கிறான். அவள் பார்க்கவில்லை. கண்டக்டர் பார்த்து, உயிர் போகிற மாதிரி விசிலை ஊதினார். பிரேக்கை மிதித்தாள். பின் சக்கரம் அந்தப் பையின் மேல் ஏறி நின்றது. பையின் சொந்தக்காரன் அதற்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தான். எழுந்தான், முழங்காலைத் தட்டிக்கொண்டான், பையை உருவிப் பார்த்தான், இவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். ரத்தமில்லை, வழக்கில்லை, ஒரு வசவுகூட இல்லை.

வைதிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். மறுநாள் அதே முனைக்கு வந்தவள், வண்டி நிறைய ஆட்களோடு நிறுத்திவிட்டாள். திருப்ப முடியவில்லை. "திரும்பும்மா", "என்னம்மா ஆச்சு", "பஸ்ஸு கெட்டுப் போச்சா" என்று உள்ளேயிருந்து சத்தம். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், எட்டிப் பார்த்தாள், மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். அங்கே யாருமில்லை. யாருமில்லை என்பதை அவளால் நம்ப முடியவில்லை. கடைசியில் டிப்போவிலிருந்து வேறு டிரைவர் வந்துதான் வண்டியை எடுத்தார்.

டிப்போ மேலாளர் நல்ல மனிதர். இவளை வாசல் அறையில் உட்காரவைத்து, எந்த வண்டி எப்போது வெளியே போகிறது, எப்போது உள்ளே வருகிறது என்று பார்க்கிற வேலையைக் கொடுத்தார். ஆனால் அது லீவில் போயிருந்த இன்னொருவரின் நாற்காலி. அவர் திரும்பி வந்ததும் இன்ஸ்பெக்டர் இவள் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொல்லிப் பார்ப்பார். ஓட்டினால் பஸ் உண்டு. இல்லையென்றால் டிரைவர் என்கிற பேரை எழுதிக் கொடுத்துவிட்டு, எந்த மேசை காலியோ அதில் உட்கார வேண்டியதுதான்.

மேசை வேலை என்றால் எனக்குப் பரம சந்தோஷம். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவள் என் டிரைவரம்மா இல்லை. எதைக் கேட்டாலும் "ம்" என்றாள். கேஸை அணைத்தோமா என்று ஒருநாள் அவள் கேட்டாள். என் இலாகா என் கையை விட்டுப் போனது எனக்குக் கிலியாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் கேப்டன் வந்து சேர்ந்தார். கப்பலுக்குக் கேப்டன் இல்லை. முதுகெலும்பில் அடிபட்டவர்களும் காலை இழந்தவர்களும் நடக்கப் பழகுகிற மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கிற பெண். நோயாளிகளை விரட்டுகிற விரட்டலில் வந்த பட்டம். அந்த மருத்துவமனைக்கு நிதி திரட்ட வருஷா வருஷம் ஒரு சைக்கிள் பயணம் நடத்துவார்கள், ஒரே நாளில் நூற்றிருபது கிலோமீட்டர். களைத்துப் போகிறவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னால் ஒரு பஸ் வேண்டும் என்று கேட்கத்தான் கேப்டன் டிப்போவுக்கு வந்தார். பஸ்ஸோடு என் மனைவியையும் வாங்கிக்கொண்டு போனார்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றேன். "சைக்கிளே தெரியாது. நூத்தி இருபதுங்கற."

"கத்துக்கறேன்."

"எதுக்கு?"

காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "மேலேருந்து பாத்துப் பாத்துப் பயமாயிடுச்சுங்க. கீழேருந்து ஒரு தடவை பாத்துட்டா போயிடுமோன்னு தோணுது. போகலன்னா விட்டுடறேன். பஸ்ஸையும் விட்டுடறேன்."

மறுநாள் செகண்ட் ஹேண்டில் ஒரு சைக்கிள் வந்தது. எங்கள் வீட்டில் அதை வைக்க வேறு இடம் கிடையாது, படுக்கையறைதான். காலையில் கண் விழித்தால் ஹேண்டில்பார் என் மூக்குக்கு நேராக இருக்கும்.

பஸ்கள் எல்லாம் வெளியே போயிருக்கிற மத்தியான நேரத்தில், டிப்போ மைதானத்தில் பழகினாள். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியது அவளுடைய பழைய கண்டக்டர். ரிட்டயராகப் போகிற வயது, தொப்பை வேறு. முதல் இரண்டு நாள் சைக்கிள் கிளம்பவே இல்லை. ஏறி உட்காருவாள், பெடலில் காலை வைப்பாள், அப்படியே இருப்பாள். விழுந்துவிடுவோம் என்ற பயம் என்றுதான் நானும் நினைத்தேன். கண்டக்டருக்குத்தான் பொறி தட்டியது. சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினார். சைக்கிள் கிளம்பிவிட்டது! இத்தனை வருஷம் இரண்டு விசில் கேட்டால்தான் கால் நகரும் என்று ஆகிப்போன உடம்பு. ஒரு விசில் ஊதினால் டக்கென்று நிறுத்தி, நிறுத்திய கையோடு விழுந்தாள்.

ரோட்டுக்கு வந்த பிறகு இன்னொரு கூத்து. ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் ஓரங்கட்டினாள். வேண்டுமென்றா செய்தாள், கை தானாகப் போனது. ஸ்டாப்பில் நின்றவர்கள் இவளைப் பார்ப்பார்கள், இவள் அவர்களைப் பார்ப்பாள். "ஏத்திக்கோயேன், பின்னாடி கேரியர் காலியாத்தான் இருக்கு" என்று நான் ஸ்கூட்டரிலிருந்து கத்தினேன். ஆமாம், நானும்தான் போனேன், அவளுக்கு ஐந்தாறு சைக்கிள் நீளம் பின்னால், ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு. பின்னால் வருகிற வண்டி இடித்தால் முதலில் என்னை இடிக்கட்டும் என்கிற வீரம் இல்லை அது. அவள் கண்ணில் படாமல் இருந்தால் எனக்கு மூச்சு வராது, அவ்வளவுதான்.

சிரித்தது அதோடு சரி. மெயின் ரோட்டில் அவள் பயந்ததைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. புதிதாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு எது வருகிறது என்று தெரியாமல் பயம். இவளுக்கு எல்லாம் தெரிந்து பயம். பின்னால் இஞ்சின் சத்தம் கேட்டவுடன் அது எந்த வண்டி, எந்த ரூட், யார் ஓட்டுகிறார் என்று சொல்லிவிடுவாள்.

"இது தூங்குமூஞ்சி. சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு மணி நேரம் இவன் எதையும் பாக்க மாட்டான். இறங்குங்க, ரோட்ட விட்டு இறங்குங்க!"

இறங்கி, சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பாள். பஸ் காற்றை வாரி அடித்துக்கொண்டு போகும். அதை ஓட்டுகிற ஆள் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்தான்.

"அவர் உன்னப் பாத்துட்டுத்தானே போறார்" என்றேன் ஒருநாள்.

"இல்லங்க. நான் நிக்கிற இடத்துல இருந்தா நான் கண்ணாடியிலயும் தெரிய மாட்டேன், ஜன்னல்லயும் தெரிய மாட்டேன். அந்த இடம் எனக்குத் தெரியும். எத்தன பேரு தினம் அந்த இடத்துல வந்திருப்பாங்க? நான் ஒருத்தரையாவது பாத்திருப்பேனா?" சொல்லும்போதே அவள் உதடு வெளுத்துப்போயிருந்தது.

கேப்டன் விடுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் எல்லாரையும் சேர்த்து ஓட்டவைத்தார். அந்தக் கூட்டத்தில் கடைசியாக வருகிறவர் ஒரு தையல்காரர். லாரி மோதி ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்து, அதே மருத்துவமனையில் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டவர். "எனக்கு ஒரு கால்தாம்மா கம்பெனியில வந்தது, இன்னொண்ணு வெளியில வாங்கிப் போட்டது" என்பார். அவருக்கு முன்னால் கடைசியாக வருகிறவள் என் மனைவி. மெதுவாகப் போகிற இரண்டு பேருக்கும் நல்ல சிநேகம். அவள் பயந்து நிற்கிற இடத்திலெல்லாம் அவரும் நிற்பார். ஏன் நின்றாய் என்று கேட்க மாட்டார்.

அப்புறம் அந்தத் திருப்பம் வந்தது.

பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும். நல்ல வெயில், ரோடு காலி. பள்ளிக்கூடத்தை ஒட்டி இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவள் முன்னால், நான் பின்னால், எனக்கும் பின்னால் ஒரு தண்ணீர் லாரி. ஓரமாகப் போய்க்கொண்டிருந்தவள், திருப்பம் நெருங்கும்போது இடப்பக்கம் போகாமல் வலப்பக்கம் விலகினாள். ரோட்டின் நடுவுக்கே போய்விட்டாள். நேராகப் போகிறாள் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். லாரிக்காரனும் அப்படித்தான் நினைத்திருப்பான், என்னைத் தாண்டி இடப்பக்கம் கிடைத்த இடத்தில் மூக்கை நுழைத்தான். அந்த நேரம் பார்த்து இவள் இடப்பக்கம் திரும்பினாள், லாரிக்குக் குறுக்கே.

நான் கத்தினேனா என்று எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டது தெரியும். கட்டின மனைவி சாகப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டவன் நான். திறந்தபோது லாரி குறுக்காக நின்றுகொண்டிருந்தது. அதன் பம்பருக்கும் பள்ளிக்கூடச் சுவருக்கும் நடுவில் சைக்கிள் கிடந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கை உரிந்து ரத்தம் வழிந்தது.

லாரிக்காரன் இறங்கி வந்து வாயில் வந்தபடி திட்டினான். அவன் திட்டி முடித்ததும் நான் ஆரம்பித்தேன். "எதுக்குடி நடு ரோட்டுக்குப் போன? ஓரமாப் போய் அப்படியே திரும்ப வேண்டியதுதானே? யாராவது இப்படித் திரும்புவாங்களா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றுமே இல்லை. பேயறைந்த மாதிரி இருந்தாள். "பின் சக்கரம் உள்ள ஏறிடும்னு அகலமா எடுத்தேன்" என்றாள்.

"எந்தப் பின் சக்கரம்?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நீளமான வண்டி திரும்பும்போது முன்பக்கத்தை வெளியே கொண்டுபோய்த்தான் உள்ளே வளைக்க வேண்டும், இல்லையென்றால் பின் சக்கரம் நடைபாதையில் ஏறிவிடும். பத்தொன்பது வருஷம் அப்படித் திருப்பிய கை, ஓர் ஆள் நீளத்துச் சைக்கிளையும் அப்படியே திருப்பியிருக்கிறது. அப்படித் திருப்பும்போது திறக்கிற சந்தில்தான் அன்றைக்கு அந்தச் சாப்பாட்டுப் பைக்காரன் நுழைந்தான்.

"அவன் மேல தப்பில்லங்க" என்றாள். "வழி குடுக்கிற மாதிரி குடுத்துட்டு, மூடிட்டேன்." அழ ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். லாரிக்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பாட்டில் தண்ணீரை எங்கள் நடுவில் வைத்துவிட்டுப் போனான்.

இதோடு சைக்கிளை விற்றுவிடுவாள் என்று இருந்தேன். விற்கவில்லை. ஆனால் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. இப்போது மற்ற டிரைவர்களோடு சேர்த்துத் தன் கையையும் நம்பாமல் போய்விட்டாள். ஒவ்வொரு திருப்பத்திலும் இறங்கி, தள்ளிக்கொண்டு போய், மறுபடி ஏறினாள். "இப்படியே நூத்தி இருபதும் தள்ளிக்கிட்டே போனா அடுத்த வருஷப் பயணத்துக்குப் போய்ச் சேருவ" என்றேன். சிரிப்பு வருமென்று சொன்னது. வரவில்லை.

பயண நாளும் வந்தது. நான் பின்னால் வருகிற பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். வாழைப்பழமும் தண்ணீரும் என் பொறுப்பு. பஸ்ஸை ஓட்டியவன் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத புது டிரைவர். மீசையைக் கஷ்டப்பட்டு வளர்த்து வைத்திருந்தான். வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான்.

மத்தியானம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகவே போனது. அவள் தள்ளியும் ஓட்டியும், முக்கால்வாசி தூரத்தைக் கடந்துவிட்டாள். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்து ஒரு வாழைப்பழம் சாப்பிட்டேன். அப்புறம் ஆற்றுப் பாலம். ஆறு கடலில் சேருகிற இடத்தில் கட்டிய பழைய பாலம், முடிவு கண்ணுக்குத் தெரியாத நீளம். இரண்டு வண்டி ஒன்றையொன்று உரசாமல் போகலாம், அதற்கு மேல் ஒரு சாண் கிடையாது. நடைபாதை கிடையாது. பக்கவாட்டில் கடல்காற்று. வேகமாகப் போகிறவர்கள் முன்பே கடந்துவிட்டார்கள். மெதுவாக வருகிற ஏழெட்டுப் பேரைச் சேர்த்துப் போகவிட்டு, பஸ் அவர்களுக்குப் பின்னாலேயே ஊர்ந்து வரவேண்டும், லாரிகள் யாரும் உரசிக்கொண்டு முந்தாமல் இருக்க. அதுதான் ஏற்பாடு.

பாலத்தில் ஏறிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். கடைசியாகப் போன தையல்காரரைக் காற்று ஒரு தள்ளு தள்ளியது. சைக்கிள் பஸ்ஸுக்குக் குறுக்கே வந்தது. நான் டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். தையல்காரர் பஸ்ஸின் முன்கண்ணாடியில் தெரிந்தார், அடுத்த நொடி தெரியவில்லை. கண்ணாடிக்குக் கீழே போய்விட்டார். புது டிரைவர் பிரேக்கை மிதித்தான். கொஞ்ச நேரம் கழித்து, கீழேயிருந்து ஒரு ஹெல்மெட் மேலே வந்தது. தையல்காரர் விழவில்லை, காலை ஊன்றி நின்றிருக்கிறார்.

புது டிரைவர் இஞ்சினை அணைத்தான். இறங்கிப் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "நான் ஓட்ட மாட்டேன்" என்றான். "இவங்க என் கண்ணுக்கே தெரியல. ஒருத்தர் விழுந்தாலும் மேல ஏத்திடுவேன். என்னால முடியாது, வேற ஆளப் பாருங்க." வேற ஆளுக்கு எங்கே போவது? பின்னால் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. திரும்பிப் போக வழியில்லை. சைக்கிள்காரர்கள் தனியாகப் போனால் பின்னால் வருகிற லாரிகள் நசுக்கிவிடும்.

முன்னால் போய்க்கொண்டிருந்த கேப்டன் திரும்பி வந்து என் மனைவியைப் பார்த்தார்.

"முடியாதுக்கா" என்றாள் அவள் உடனே. "என்னப் பாக்காதீங்க. நான் வண்டியத் தொட்டு எத்தன மாசம் ஆச்சு. முடியாது."

வேண்டாம் என்று நானும் மனசுக்குள் கும்பிட்டேன். எனக்குப் பெரிய மனசெல்லாம் கிடையாது. அவள் மறுபடி ஓட்டி, மறுபடி ஒருவன் விழுந்து, இந்தத் தடவை ஒரு முழம் தள்ளி விழாமல் போனால் அதோடு அவள் கதை முடிந்தது என்று எனக்குத் தெரியும்.

அப்போது தையல்காரர் வாய் திறந்தார். "நான் விழுந்தா எந்திரிக்க நேரமாகும்மா. கால சரிபண்ணணும். அதுவரைக்கும் பின்னாடி நிக்கிற மாதிரி ஒருத்தர் ஓட்டினாப் போதும்." கெஞ்சவில்லை, பேண்ட் அளவு சொல்கிற மாதிரி சொன்னார்.

அவள் சைக்கிளைப் பஸ்ஸுக்குள் ஏற்றினாள். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை, அப்படியே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்த கை குளிர் ஜுரம் வந்தவன் கை மாதிரி ஆடியது.

"ஏங்க, இடப்பக்கப் படியில நில்லுங்க. யாராவது என் கண்ணுக்கு மறைஞ்சா சொல்லுங்க."

"எப்படி எனக்குத் தெரியும், உன் கண்ணுக்கு மறைஞ்சாங்கன்னு?"

"கடைசிச் சைக்கிளோட பின் சக்கரம் தரையத் தொடுறது எனக்குத் தெரியணும். அது தெரியற அளவு தள்ளித்தான் வருவேன். அதுக்குக் கிட்ட போனா கத்துங்க."

நடக்கிற வேகத்தில் பஸ் நகர்ந்தது. நான் படியில் கம்பியைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பின் சக்கரத்தையே பார்த்தேன். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. ஒரு லாரிக்காரன் ஜன்னலில் தலையை நீட்டி எங்கள் பரம்பரையையே இழுத்தான். அவள் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. "தெரியுது, தெரியுது, தெரியுது" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

பாலத்தின் நடுவில் தையல்காரர் விழுந்தார். இந்தத் தடவை நிஜமாகவே விழுந்தார், சைக்கிள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், கழன்ற கால் ஒரு பக்கம். நான் கத்துவதற்குள் பஸ் நின்றுவிட்டது. குலுங்கக்கூட இல்லை. அவர் எங்கே கிடந்தார் என்று முழுசாகத் தெரிந்தது, அவருடைய கை விரல்வரைக்கும். உட்கார்ந்து, காலை எடுத்து, பட்டையை இழுத்து, நிதானமாக மாட்டினார். அத்தனை நேரமும் அவள் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் வேர்வை ஆறாக ஓடியது. அவர் ஏறி உட்கார்ந்து கையை ஆட்டியதும் பஸ் மறுபடி நகர்ந்தது.

பாலம் முடிந்ததும் ஓரம்கட்டி நிறுத்தினாள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்து எடுத்தேன்.

"பயம் போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"எங்க போச்சு? இன்னும் அதிகமாயிடுச்சு." விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டாள். "ஆனா என் கைதாங்க நடுங்குச்சு. வண்டி நடுங்கலையே."

புது டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனை அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். "நீ சொன்னது சரிதான் தம்பி, தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். இனிமே ரோடு அகலம், தள்ளி வந்தாப் போதும்" என்று சாவியை அவனிடமே கொடுத்துவிட்டு, சைக்கிளை இறக்கி மிச்ச தூரத்தை ஓட்டினாள். அவளும் தையல்காரரும் கடைசியாகப் போய்ச் சேர்ந்தபோது பந்தலையே பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாலத்தைச் சைக்கிளில் கடக்கவில்லையே என்று பதக்கத்தை வாங்கவில்லை. வாங்கிக்கொள் என்று நான் எவ்வளவோ சொன்னேன், பிடிவாதக்காரி.

இன்ஸ்பெக்டர் சோதிக்கிற நாளுக்கு அவளைத் தயார் செய்தது நான்தான். "பயம் போச்சான்னு கேப்பார். போயிடுச்சு சார்னு ஒரே வார்த்தை. வேற எதையும் பேசாத" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். இவள் போய், "போகல சார்" என்றிருக்கிறாள். அவர் கொஞ்ச நேரம் மூக்கைச் சொறிந்துவிட்டு, "சரி, எடு வண்டிய, பாப்போம்" என்றிருக்கிறார். சுற்றி முடித்து இறங்கும்போது, "ஓட்டறது சரி. ஆனா இந்த வேகத்துல போனா ஜனங்க உன்ன உயிரோட விட மாட்டாங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம்.

அவர் சொன்னது பலித்துவிட்டது. போன வாரம் என் கடைக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தார். கோபத்தில் மூக்கு விடைத்திருந்தது. கண்ணாடியைப் பொருத்திப் பார்க்கக்கூட ஒழுங்காக உட்காரவில்லை.

"அந்த ரூட்ல ஒரு பொம்பள டிரைவர் இருக்காங்க பாருங்க, அவங்களுக்கு யாரு சார் லைசென்ஸ் குடுத்தாங்க? தினம் லேட்டு. மூலைக்கு மூலை நிறுத்தி எட்டி எட்டிப் பாக்கறாங்க. ஒரு சைக்கிள்காரன் போனாப் போதும், அவன் பின்னாடியே ஊர்வலம் மாதிரி போறாங்க. முந்த மாட்டாங்களாம்! ஆபீசுல என் மானம் போகுது. அவங்களுக்கென்ன, அவ்வளவு பயம்னா வீட்டுல உக்கார வேண்டியதுதானே?"

நான் கண்ணாடியின் காலைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"பயம்தான்" என்றேன். "ரொம்ப பயம்."

"உங்களுக்குத் தெரியுமா அந்தம்மாவ?"

"என் வீட்டுக்காரிதான்."

அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பரவாயில்லை என்று சொல்லி, கண்ணாடியை அவர் மூக்கில் வைத்து, காதோரம் அழுத்திவிட்டு, வெளியே போகிற சைக்கிள்கள் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். தெரிகிறது என்றார்.

"நல்லாப் பாத்துக்குங்க" என்றேன். "லேட்டா வந்தாலும் பரவால்ல, நம்ம ஆளு வந்து சேரணும்னு ஒவ்வொரு வீட்டுலயும் ஒருத்தர் காத்துக்கிட்டு இருப்பாங்க சார். நானும் தினம் சாயங்காலம் வாசல்ல நிக்கிறேன். அவ வர்ற வரைக்கும் எனக்கு உயிரே இருக்காது."